மலையாக்கத்தில் வளர்ந்த கனிமங்களுக்கு வயது காண்பது: எல்லைப்புறப் பாறைகளை வைத்து ஒரு தொடக்க வழிகாட்டி

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் செல்லும் சாலையோரத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும் பாறைகள், கண்டங்கள் மோதி மலைகள் எழுந்த காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்துக்குள் அமிழ்ந்து, 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறி, ஓரளவு உருகவும் செய்து, பின்னர் மெல்ல மேலே வந்தவை. அந்தச் சூட்டில் அவற்றுக்குள் கார்னெட், சில்லிமனைட், கார்டியரைட், மோனசைட், சிர்கான் போன்ற கனிமங்கள் வளர்ந்தன. அவை எப்போது வளர்ந்தன என்பதை எண்ணாகச் சொல்வதற்கு என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை, ஆய்வேட்டுக்காக முதன்முறையாகச் சுத்தியல் எடுப்பவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும், எல்லைக்கு அப்பால் கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்களிலும் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இந்தப் பாறைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், எடுத்துக்காட்டுகளையும் இங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

எதற்கு வயது காண்கிறோம்

"இந்தப் பாறைக்கு எத்தனை வயது?" என்ற கேள்வியோடு தொடங்கினால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் அளந்தாலும் பயனுள்ள விடை கிடைக்காது. ஓர் உருமாற்றப் பாறைக்குப் பல வயதுகள் உண்டு. அதன் மூலப்பொருளான மணலும் களிமண்ணும் எந்த மலையிலிருந்து அரிக்கப்பட்டன என்பது ஒரு வயது. அவை படிவாகிப் புதைந்தது இன்னொரு வயது. ஆழத்தில் கார்னெட் வளர்ந்தது, பாறை உருகியது, உருகியது மீண்டும் உறைந்தது, பாறை மேலெழுந்து ஆறியது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம் இருக்கிறது. ஒரே கைப்பிடி மாதிரிக்குள் இவற்றில் பலவற்றின் தடயங்கள் அடுத்தடுத்துக் கிடக்கலாம். ஆகவே இந்த வரிசையில் எந்த நிகழ்ச்சியின் காலம் உங்களுக்குத் தேவை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் வெளியே கிளம்புங்கள். "கார்டியரைட் தோன்றிய அழுத்தக்குறைவு எப்போது நிகழ்ந்தது?" என்பது நல்ல கேள்வி. "ஆரியங்காவு நைஸ் பாறையின் வயது" என்பது கேள்வியே ஆகாது.

புதியவர்கள் பலர் குழம்பும் இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொதிகை மலையின் இன்றைய உயரத்துக்கும் இந்தப் பாறைகளை உருமாற்றிய மலையாக்கத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இன்றைய தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய நிலப்பகுதிகள் ஒன்றிணைந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவான மோதல், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. அப்போது எழுந்த மலைகள் எப்போதோ அரிந்து போய்விட்டன. இன்று நாம் மிதிப்பது அவற்றின் அடிவேர். மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான மேற்கு முகமோ, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்து சென்றதோடு தொடர்புபடுத்தப்படும் பிற்கால வரலாறு. கனிமத்தின் வயதை அளந்துவிட்டு அதை மலையின் வயது என்று எழுதினால் தேர்வாளர் சிவப்பு மையை எடுத்துவிடுவார்.

பாறையைத் தேர்ந்தெடுத்தல்

இப்பகுதியில் மூன்று வகைப் பாறைகள் அடிக்கடி கண்ணில் படும். எண்ணெய்ப் பசையோடு கரும்பச்சையாக மினுங்கும் சார்னோகைட். கார்னெட்டும் சில்லிமனைட்டும் கிராஃபைட்டும் கலந்து, வெளியே துருப்பிடித்த நிறத்தில் தெரியும் கோண்டலைட். கார்னெட்டும், கரிய மைக்கா வகையான பயோட்டைட்டும் நிறைந்த வரிவரியான நைஸ். பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த நீண்ட பட்டையான அச்சன்கோவில் ஷியர் மண்டலத்தில் இவற்றோடு கார்டியரைட் நைசும் சேர்ந்துகொள்ளும். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்த மண்டலம், வடக்கே மதுரை நிலத்தொகுதியையும் தெற்கே திருவனந்தபுரம் நிலத்தொகுதியையும் பிரிக்கிறது. மாநில எல்லையை அது சட்டை செய்யாமல் குறுக்கே வெட்டிச் செல்கிறது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்து பின்னர் சென்னை மாநிலத்துக்கு வந்தது என்பதெல்லாம் வரைபடத்துக்குத்தான்.

வயது காண்பதற்கு முதலில் எடுக்க வேண்டியது களிமண் மூலத்திலிருந்து வந்த அலுமினியம் மிகுந்த பாறை, அதாவது கோண்டலைட்டோ கார்டியரைட் நைசோ. அழுத்தமும் வெப்பமும் மாறும்போது இவற்றில் கனிம வினைகள் தெளிவாகப் பதிவாகும். உள்ளே யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஈயமாவதால் சிர்கானைப் போலவே வயது காட்டக்கூடிய மோனசைட்டும் போதுமான அளவுக்குக் கிடைக்கும். சார்னோகைட் பார்வைக்கு அழகானது என்றாலும் தொடக்கக்காரருக்கு அது இரண்டாவது பாறையாகவே இருக்கட்டும். கோண்டலைட்டில் ஒரு தொல்லை உண்டு: இரண்டு மழைக்காலம் மாறி மாறிப் பெய்யும் இந்த மண்ணில் அது மிக எளிதில் சிதைந்து, கைவிரலால் உதிர்க்கக்கூடிய காவி மண்ணாகிவிடும். ஆகவே சாலையோர வெட்டுமுகத்தை நம்பாமல், இயங்கும் கல்குவாரியின் அடித்தளத்தில் அண்மையில் உடைந்த பாளத்தைத் தேடுங்கள். உடைத்த முகத்தில் பயோட்டைட் கருமையாகப் பளபளத்தால் நல்லது. வெண்கலப் பழுப்பாக மங்கியிருந்தால் அந்தப் பாளத்தை விட்டுவிடுங்கள்.

உடைப்பதற்கு முன், பாறை இருந்த இடத்திலேயே அதன் பட்டைகளின் கிடைத்திசையையும் சாய்வையும் அளந்து, மாதிரியின் மேல் முகத்தில் அழியாத மையால் அம்புக்குறி இடுங்கள். கார்னெட் சுழன்று வளர்ந்ததா, பட்டைகள் உருவான பின் வளர்ந்ததா என்று பின்னால் பார்க்க இந்தக் குறி ஒன்றே துணை. பெயர்ந்து கிடக்கும் பாளத்தில் இந்த அளவை எடுக்க முடியாது என்பதால், அது பெயர்ந்து வந்த முகத்தையும் அடையாளம் கண்டு குறித்துக்கொள்ளுங்கள். நுண்ணோக்கியில் பார்க்க ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்க்கும் மெல்லிய சீவலுக்கு ஒரு முழு அளவுக் கல்லும், கனிமம் பிரிப்பதற்கு மூன்று முதல் ஐந்து கிலோ வரையும் போதும். உருகி உறைந்த வெள்ளை நரம்பையும் அதை ஒட்டிய கரும்பட்டையையும் ஒரே பையில் போடாதீர்கள். அவை இரண்டும் வேறு வேறு கதை சொல்லக்கூடியவை.

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், தென்மலையை ஒட்டிய செந்துருணி சரணாலயம் ஆகியவற்றின் எல்லைக்குள் வனத்துறையின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் கல்லைத் தொடக்கூடாது. குவாரியில் உரிமையாளரிடம் கேட்டு, வெடி வைக்கும் நேரம் அறிந்து, தலைக்கவசத்தோடு செல்லுங்கள். மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலில் மோனசைட் நிறைய இருக்கிறதே, அங்கேயே அள்ளலாமே என்று தோன்றும். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின்கீழ் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். அதோடு, மணலுக்கு வந்துவிட்ட மோனசைட் தன் பக்கத்தில் எந்தக் கனிமம் இருந்தது என்ற சாட்சியைத் தொலைத்துவிட்டது. நமக்கு வேண்டியதே அந்தச் சாட்சிதான்.

கருவிக்கு முன் நுண்ணோக்கி

பாறையைப் பொடித்துச் சிர்கானைப் பொறுக்கி அளந்துவிட்டு, வந்த எண்களுக்குப் பின்னால் பொருள் தேடுவது நம் துறைகளில் பரவலான வழக்கம். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் மெல்லிய சீவல், அடுத்து கனிமங்கள் வளர்ந்த முறை, அதன்பின் வேதியியல், கடைசியாகத்தான் வயது.

சீவலைத் தயாரிப்பவரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுங்கள். மேல்மூடி ஒட்டாமல் நன்றாக மெருகேற்றித் தர வேண்டும்; மெருகேற்றும் தட்டு ஈயத்தாலானதாக இருக்கக்கூடாது. நாம் அளக்கப்போவதே மோனசைட்டில் உள்ள மிகச் சிறிதளவு ஈயம் என்பதால், தட்டின் ஈயம் விரிசல்களில் ஒட்டினால் வயது கூடுதலாகத் தெரியும்.

நுண்ணோக்கியில் பார்த்து, எந்தக் கனிமம் எதற்கு முன் வளர்ந்தது என்று ஒரு வரிசை எழுதுங்கள். அச்சன்கோவில் மண்டலத்துக் கார்டியரைட் நைசில் பெரும்பாலும் காணக்கூடிய ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒழுங்கற்ற விளிம்போடு ஒரு பெரிய கார்னெட். அதற்குள் சிறு சிறு சில்லிமனைட் ஊசிகளும் குவார்ட்சும் அடைபட்டிருக்கும். கார்னெட்டைச் சுற்றி நிறமற்ற கார்டியரைட் அகழியாகச் சூழ்ந்திருக்கும். அகழிக்கு வெளியே சில்லிமனைட்டும் பயோட்டைட்டும் பட்டையாக ஓடும். இதற்குப் பொருள், கார்னெட்டும் சில்லிமனைட்டும் குவார்ட்சும் அழுத்தம் குறைந்தபோது வினைபுரிந்து கார்டியரைட்டைத் தந்தன என்பது. பாறை ஆழத்திலிருந்து மேலே வந்த கட்டத்தை இந்த அகழி பதிவு செய்கிறது.

இப்போது இதே சீவலில் மோனசைட் எங்கெங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பயோட்டைட்டுக்குள் கருமையான ஒளிவட்டத்தோடு சில கண்ணில் படும். மற்றவற்றை மின்னணு நுண்ணோக்கியில்தான் பிடிக்க முடியும். கனமான தனிமங்கள் பளிச்சிடும் எதிர்ச்சிதறல் மின்னணுப் படத்தில் தோரியமும், லாந்தனம், சீரியம் வரிசையைச் சேர்ந்த அருமண் தனிமங்களும் நிறைந்த மோனசைட் வெள்ளை வெளேரென்று எரியும். சிர்கானும் பளிச்சென்று தெரியும், ஆனால் சற்று மங்கலாக. ஒவ்வொரு மணிக்கும், அதாவது ஒவ்வொரு கனிமத் துகளுக்கும், எண் கொடுத்து, கார்னெட் நடுப்பகுதி, கார்னெட் விளிம்பு, கார்டியரைட் அகழி, வெளிப்பட்டை என்று இருப்பிடம் குறித்து அட்டவணை எழுதுங்கள். கார்னெட்டுக்குள் இருக்கும் மணியைப் பார்த்தால், அதைத் தொட்டு விரிசல் ஏதும் வெளியே ஓடுகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். விரிசல் இருந்தால் பின்னால் வந்த திரவம் அந்த மணியைக் கரைத்து மறுபடி படியவைத்திருக்கக்கூடும். அப்போது அது கார்னெட்டின் பாதுகாப்பில் இருந்த மணி ஆகாது.

மோனசைட்டும் இட்ரியமும்

இத்துறையின் மிகப் பயனுள்ள உத்தி இது என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். கார்னெட், இட்ரியத்தையும் கனமான அருமண் தனிமங்களையும் பேராசையோடு இழுத்துக்கொள்ளும் கனிமம். அது வளரத் தொடங்கியதும் பாறையில் உள்ள இட்ரியம் அதற்குள் போய்விடும். எனவே கார்னெட்டுக்கு முன்பே வளர்ந்த மோனசைட்டில் இட்ரியம் அதிகமாக இருக்கும். கார்னெட்டோடு சேர்ந்து வளர்ந்ததில் குறைவாக இருக்கும். பின்னர் அழுத்தம் குறைந்து கார்னெட் சிதையும்போது, அடைபட்டிருந்த இட்ரியம் விடுபட்டு, அப்போது வளரும் மோனசைட் விளிம்பில் மீண்டும் ஏறும்.

ஆகவே ஒரே மணியில் இட்ரியப் படத்தை எடுத்தால், உள்ளே இட்ரியம் மிகுந்த கரு, நடுவே குறைந்த வளையம், வெளியே மறுபடியும் மிகுந்த மெல்லிய விளிம்பு என்று தெரிய வாய்ப்பு உண்டு. அந்த மூன்றுக்கும் தனித்தனியே வயது அளந்தால், கார்னெட் வளர்வதற்கு முன்பு, வளர்ந்தபோது, சிதைந்தபோது என்று மூன்று காலங்கள் கைக்கு வருகின்றன. கார்னெட்டையே தொடாமல் கார்னெட்டின் வரலாற்றுக்கு நாள் குறித்துவிட்டோம். கார்டியரைட் அகழிக்குள் இருக்கும் இட்ரியம் மிகுந்த மோனசைட், நாம் தொடக்கத்தில் எழுதிய கேள்விக்கு நேரடி விடை தரும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. இட்ரியம் செனோடைம் என்ற இன்னொரு பாஸ்பேட்டிலும் தங்கும். சீவலில் செனோடைம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இட்ரியம் கூடியதற்கும் குறைந்ததற்கும் காரணம் சொல்ல வேண்டும். இரண்டாவது, வெப்பநிலை உயரும்போது மோனசைட் தாங்கக்கூடிய இட்ரியத்தின் அளவும் உயரும். இட்ரியத்தோடு தோரியம், யுரேனியம், கால்சியம் படங்களையும் எடுத்துச் சேர்த்துப் பார்ப்பது பாதுகாப்பு.

சிர்கான் சொல்வதும் சொல்லாததும்

சிர்கானில் பழைய நினைவு எளிதில் அழியாது. 900 டிகிரிக்கு மேலும் ஈயத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், கோண்டலைட்டில் உள்ள சிர்கானின் கரு பெரும்பாலும் மூலப் படிவோடு வந்த பழைய மணியாகவே இருக்கும். திருவனந்தபுரம் நிலத்தொகுதியில் ஏறத்தாழ 200 கோடி ஆண்டு அளவிலான கருக்கள் கிடைப்பது இதனால்தான். அவை உருமாற்றத்தின் வயதல்ல. மின்னணுக் கற்றை பட்டுக் கனிமம் ஒளிர்வதைக் காட்டும் கேத்தோடு ஒளிர்வுப் படத்தில் கருவில் நுண்ணிய வளர்ச்சி வரிகள் மாறி மாறித் தெரியும். அதைச் சுற்றியுள்ள உருமாற்ற விளிம்போ வரிகளற்றதாகவோ மேகம் படர்ந்தது போலவோ இருக்கும். இந்தப் படம் இல்லாமல் சிர்கானில் ஒரு புள்ளிகூட அளக்காதீர்கள். கருவும் விளிம்பும் பாதிப்பாதியாக விழுந்த புள்ளி, எந்த நிகழ்ச்சிக்கும் உரியதல்லாத ஓர் எண்ணைத் தரும்.

இன்னொன்று நன்றாக நினைவில் இருக்கட்டும். பாறை உருகும்போது சிர்கான் உருகலில் கரையும். உருகல் ஆறி உறையும்போதுதான் மீண்டும் வளரும். எனவே சிர்கான் விளிம்பின் வயதை உச்ச வெப்பநிலையின் வயது என்று சட்டென்று எழுதிவிடக் கூடாது. உச்சத்துக்குப் பின் ஆறத் தொடங்கிய கட்டத்தையே அது பெரும்பாலும் காட்டும். தோரியம்–யுரேனிய விகிதம் 0.1-க்குக் கீழே இருந்தால் உருமாற்றச் சிர்கான் என்ற வாய்பாட்டை இந்தப் பகுதியின் உயர்வெப்பப் பாறைகளில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாது; இங்கே உருமாற்ற விளிம்புகளிலேயே அதைவிட உயர்ந்த விகிதம் வருவதுண்டு. அதைவிட நம்பகமானது கனமான அருமண் தனிமங்களின் அளவு. கார்னெட்டோடு சேர்ந்து வளர்ந்த சிர்கானில் அவை குறைந்து, அருமண் தனிமங்களை எடை வரிசையில் அடுக்கி வரையும் வரைபடத்தின் வலப்பக்கம் ஏறாமல் தட்டையாகக் கிடக்கும்.

கார்னெட்டுக்கு நேரடியாக வயது காண்பது

கார்னெட்டைப் பிரித்தெடுத்து, லுட்டீசியம்–ஹாஃப்னியம் அல்லது சமாரியம்–நியோடிமியம் முறையில், கார்னெட்டையும் முழுப்பாறையையும் ஒரே வயதுடைய புள்ளிகளை இணைக்கும் ஐசோக்ரான் கோட்டில் வைத்து வயது காணலாம். லுட்டீசியம் கார்னெட்டின் நடுப்பகுதியில் செறிவதால் அந்த முறை வளர்ச்சியின் தொடக்கத்தை நோக்கிச் சாயும். சமாரியம்–நியோடிமியம் பெரும்பாலும் அதற்குப் பிந்திய காலத்தைத் தரும். இரண்டையும் ஒரே கார்னெட்டில் செய்தால் வளர்ச்சி எவ்வளவு காலம் நீடித்தது என்று மதிப்பிட முடியும். ஆனால் நம் பாறைகள் அடைந்த வெப்பத்தில் கார்னெட்டுக்குள் தனிமங்கள் ஊர்ந்து சமநிலைக்கு வந்துவிடுவதால், கிடைப்பது வளர்ச்சியின் வயதா ஆறிய வயதா என்ற ஐயம் எப்போதும் எஞ்சும். கார்னெட்டுக்குள் அடைபட்ட சிர்கான் ஹாஃப்னியத்தையும், மோனசைட் நியோடிமியத்தையும் குலைக்கும் என்பதால், அடைபொருள் இல்லாத துண்டுகளை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருக்கும். சுத்தமான வேதியியல் அறை கேட்கும் வேலை இது. முதல் ஆய்வேட்டில் இதில் இறங்க வேண்டாம்.

பிரித்தெடுக்கும்போது

சீவலிலேயே மோனசைட்டை அளக்க முடிந்தால் பொடிப்பதே தேவையில்லை. என் விருப்பமும் அதுவே. சிர்கான் சீவலில் போதிய அளவு கிடைக்காதபோது பாறையைப் பொடித்து, சலித்து, நீரில் அலசி, கனத்தால் பிரிக்க வேண்டும். அரிசி களைந்து கல் அரிக்கும் கைப்பக்குவமே இங்கும் வேண்டும்: குவார்ட்சின் அடர்த்தி 2.65, சிர்கானின் அடர்த்தி 4.6-க்கு மேல், மோனசைட்டும் ஏறத்தாழ அவ்வளவு கனம் என்பதால், தட்டை ஆட்ட ஆட்ட லேசானவை நீரோடு போய்க் கனமானவை அடியில் தங்கும். அடுத்து காந்தப் பிரிப்பியில் விட்டால் மோனசைட் காந்தப் பக்கமும் சிர்கான் எதிர்ப்பக்கமும் போகும். மீதியைக் கனதிரவத்தில் பிரிக்கலாம். புரோமோஃபார்ம், மெத்திலீன் அயோடைடு இரண்டும் நச்சு. புகைவாங்கி அறையும் கையுறையும் இல்லாவிட்டால் தொடாதீர்கள். சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல் விலை கூடுதல் என்றாலும் பாதுகாப்பானது.

கலப்படம் பற்றி நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. கன்னியாகுமரி, கொல்லம் கரையோரத்தில் மணலிலேயே சிர்கானும் மோனசைட்டும் இருக்கின்றன. அந்த மணல் கிடக்கும் முற்றத்தில் வைத்துக் கல்லைக் கழுவினாலோ, மணல் ஒட்டிய வாளியைப் பயன்படுத்தினாலோ, உங்கள் மாதிரியில் இல்லாத மணிகள் வந்து சேர்ந்துவிடும். உடைக்கும் இயந்திரத்தின் தாடைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அழுத்தக் காற்றால் ஊதி, முதலில் உங்கள் மாதிரியில் ஒரு பிடியைப் போட்டு அரைத்து எறிந்துவிட்டுப் பிறகு மீதியைப் போடுங்கள்.

அளவீடும் கணக்கும்

மூன்று வகைக் கருவிகள் வழக்கத்தில் உள்ளன. மின்னணு நுண்துருவி, மோனசைட்டில் உள்ள தோரியம், யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் மொத்த அளவை மட்டும் அளக்கும். ஈயம் முழுவதும் கதிரியக்கச் சிதைவால் வந்ததே என்ற அனுமானத்தில் வயதைக் கணக்கிடுவோம். ஓரிரு மைக்ரோமீட்டர் புள்ளியிலும் அளக்கலாம் என்பது அதன் பலம். லேசரால் பொசுக்கி ஐசோடோப்புகளை அளக்கும் கருவி விரைவானது. பத்து முதல் ஐம்பது மைக்ரோமீட்டர் அகலக் குழி விழும். கான்பெராவில் உருவான ஷ்ரிம்ப் போன்ற அயனித் துருவிகள் இருபது முப்பது மைக்ரோமீட்டர் அகலத்தில், ஆனால் ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழம் மட்டுமே தோண்டி அளப்பதால், மெல்லிய விளிம்புகளுக்கு ஏற்றவை. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் புவிக்கால அளவீட்டுக்கென்றே ஒரு வசதியை நடத்துகிறது. எந்த நிறுவனத்தை அணுகினாலும் உங்கள் வழிகாட்டியின் கடிதத்தோடு, சீவலின் படங்களையும் புள்ளிகளின் இருப்பிடத்தையும் முன்கூட்டியே அனுப்புங்கள். படமில்லாமல் போனால் கருவியின் நேரம் மணியைத் தேடுவதிலேயே கழிந்துவிடும்.

கணக்கு எளிது. யுரேனியம் 238-இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235-க்கு 70 கோடி, தோரியம் 232-க்கு 1,405 கோடி. சிதைவால் பிறந்த சேய் ஐசோடோப்பின் அளவைச் சிதையும் தாய் ஐசோடோப்பின் அளவால் வகுத்து, அதோடு ஒன்றைக் கூட்டி, அதன் இயல் மடக்கையை எடுத்துச் சிதைவு மாறிலியால் வகுத்தால் வயது வரும். எடுத்துக்காட்டாக, ஈயம் 206-க்கும் யுரேனியம் 238-க்கும் உள்ள விகிதம் 0.089 என்றால், 1.089-இன் இயல் மடக்கை 0.08526, அதை ஆண்டுக்கு 0.000000000155125 என்ற மாறிலியால் வகுத்தால் ஏறத்தாழ 55 கோடி ஆண்டு. அதே மணியில் ஈயம் 207-க்கும் யுரேனியம் 235-க்கும் உள்ள விகிதம் 0.72-ஐ ஒட்டி வந்தால் இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகின்றன, புள்ளி, இரண்டும் ஒரே வயது காட்டும் இடங்களை இணைக்கும் கன்கார்டியா வளைகோட்டின் மேல் அமர்கிறது என்று பொருள். கீழே விலகி நின்றால் ஈயம் இழந்திருக்கலாம், அல்லது இரண்டு வயதுகள் கலந்திருக்கலாம்.

நுண்துருவி முறையில் பிழை எவ்வளவு எளிதில் நுழையும் என்பதையும் ஒரு கணக்கால் காட்டலாம். 8 விழுக்காடு தோரியமும் 0.4 விழுக்காடு யுரேனியமும் உள்ள மோனசைட், 55 கோடி ஆண்டில் சேர்த்து வைக்கும் ஈயம் 0.23 விழுக்காடுதான். அதில் 0.01 தவறினாலே வயது சுமார் 2.4 கோடி ஆண்டு தள்ளிப்போகும். இட்ரியத்தின் ஒரு கதிர்க்கோடு ஈயத்தின் கோட்டின் மேலேயே விழுவதால், அந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் இட்ரியம் மிகுந்த விளிம்புகள் அனைத்தும் பொய்யாக முதுமையடையும். நாம் எந்த விளிம்பை நம்பி இவ்வளவு தூரம் வந்தோமோ அதுவே கெட்டுப்போகும் என்பதால், கருவியை இயக்குபவரிடம் இந்தத் திருத்தம் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். வயது தெரிந்த ஒரு மோனசைட்டை உங்கள் புள்ளிகளுக்கு இடையிடையே அளக்கச் சொல்லுங்கள். சிர்கானுக்கு 106.5 கோடி ஆண்டு வயதுள்ள, 91500 என்று பெயரிட்ட மணி, சுமார் 33.7 கோடி ஆண்டு வயதுள்ள பிளெசோவிட்சே ஆகியவை பொதுவான ஒப்பீட்டு மணிகள்.

எண்களைப் படிப்பது

புள்ளிகள் அனைத்தையும் கொட்டிச் சராசரி எடுப்பதே இந்தக் கட்டத்தில் நேரும் பெரிய தவறு. நுண்ணோக்கியில் எழுதிய அட்டவணையை எடுத்து, கார்னெட்டுக்குள் இருந்தவை, அகழியில் இருந்தவை, வெளியே இருந்தவை என்று பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனியே சராசரி காணுங்கள். குழுவுக்குள் சிதறல் அளவீட்டுப் பிழையைவிட அதிகமாக இருந்தால் அந்தச் சராசரிக்கு அர்த்தமில்லை. அப்போது வரம்பை மட்டும் சொல்லுங்கள். உயர்வெப்பப் பாறைகளில் சிர்கானும் மோனசைட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகள் விட்டுவிட்டு வளர்வது வழக்கம். பல கோடி ஆண்டுகளுக்குக் கன்கார்டியாக் கோட்டின் மேலேயே புள்ளிகள் நீளமாகப் பரவிக் கிடந்தால், அதில் மூன்று சிகரங்களைப் பொறுக்கி மூன்று மலையாக்கங்கள் என்று பெயர் சூட்டத் தோன்றும். சீவலில் அதற்குச் சாட்சி இல்லாவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

பிழை எல்லையை எழுதும்போது, கருவியின் தனிப்பட்ட புள்ளிப் பிழையோடு ஒப்பீட்டு மணியால் வரும் பொதுப் பிழையையும் சேர்க்க வேண்டும். லேசர் முறையில் அது ஒன்றிரண்டு விழுக்காடு இருக்கும். 55 கோடியில் அதுவே அரைக் கோடி முதல் ஒரு கோடி ஆண்டு வரை. வேறொரு ஆய்வகத்தின் வயதோடு உங்கள் வயது 40 லட்சம் ஆண்டு வேறுபடுகிறது என்று தனி அத்தியாயம் எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வயதை அழுத்தத்தோடும் வெப்பத்தோடும் சேர்த்த பின்னரே அது மலையாக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும். கார்னெட், கார்டியரைட், பயோட்டைட் ஆகியவற்றின் வேதியியலிலிருந்து அந்தக் கட்டத்தின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்டு, அதன் பக்கத்தில் மோனசைட் வயதை எழுதுங்கள். பயோட்டைட்டை ஆர்கான் முறையிலோ ரூபிடியம்–ஸ்ட்ரான்சியம் முறையிலோ அளந்தால், பாறை சுமார் 300 டிகிரிக்குக் கீழே ஆறிய காலம் கிடைக்கும்; அது மோனசைட்டைவிடப் பல கோடி ஆண்டுகள் இளையதாக வந்தால் பதற வேண்டாம், அதன் மூடு வெப்பநிலை, அதாவது சேய் ஐசோடோப்பு வெளியேறாமல் அடைபடத் தொடங்கும் வெப்பநிலை, அவ்வளவுதான். 750 டிகிரியில் வளர்ந்த மோனசைட் விளிம்பு 52 கோடி ஆண்டும், 300 டிகிரியில் மூடிய பயோட்டைட் 46 கோடி ஆண்டும் தருவதாக வைத்துக்கொண்டால், 450 டிகிரி ஆற 6 கோடி ஆண்டு ஆகியிருக்கிறது. அதாவது பத்து லட்சம் ஆண்டுக்கு ஏழரை டிகிரி. மூடு வெப்பநிலை மணியின் அளவையும் ஆறும் வேகத்தையும் பொறுத்து மாறும் என்பதால், அளந்த பயோட்டைட்டின் அளவையும் தவறாமல் குறித்து வையுங்கள்.

ஆய்வேட்டின் அட்டவணையில் ஒவ்வொரு புள்ளிக்கும் மாதிரி எண், மணி எண், அது இருந்த கனிமம், கருவா விளிம்பா, இட்ரியம், தோரியம், யுரேனியம், ஐசோடோப்பு விகிதங்கள், பிழையோடு வயது ஆகிய அனைத்தும் வரட்டும். நீக்கிய புள்ளிகளையும் ஏன் நீக்கினோம் என்ற காரணத்தோடு அதே அட்டவணையில் விட்டுவையுங்கள். அளந்த சீவலையும், மீதிக் கல்லையும், ஆயத்தொலைவு எழுதிய பையோடு சேர்த்துத் துறையின் அலமாரியில் பெயரிட்டு வையுங்கள். குவாரி அடுத்த ஆண்டு இன்னும் ஆழம் போய்விடும், அந்த முகம் மறுபடி கிடைக்காது.